மிஸி வீட்டுப் பலகைத் தரை

நீல நிற டேப்பைச் சுருளிலிருந்து இழுக்கும்போது பழந்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வரும், கேட்டிருப்பீர்கள். போன கிழமை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் குந்தியிருந்தேன். குந்தியிருந்தேன் என்பது கொஞ்சம் பெருமைப் பேச்சு. முழங்கால் இரண்டும் மடங்க மறுத்து வருஷக்கணக்காகிறது. ஒரு பழைய தலையணையைப் போட்டு அதன்மேல் பக்கவாட்டாகச் சரிந்து கிடந்தேன் என்பதுதான் சரி. சுவரின் அடியில் தரையை ஒட்டி ஓடுகிற சாணகலப் பலகைக்கு வெள்ளை இனாமல் அடிக்க வேண்டும். எங்கள் தொழிலில் அதற்கு ஸ்கேட்டிங் என்று பெயர். பெயின்ட் பாஸ், அதாவது கைதேர்ந்த பெயின்டர், என்று பெயரெடுத்தவனுக்கு வயது போனால் மிஞ்சுவது இந்த ஸ்கேட்டிங்தான். ஏணியில் ஏற விடமாட்டார்கள், விழுந்து தொலைப்பேனாம். ஏறுவதைவிடக் குனிவதுதான் கஷ்டம் என்று அவர்களுக்கு யார் சொல்வது.

வீடு இப்போது வெளிநாட்டார் வந்து தங்கும் விடுதி. மேனேஜர் இளைஞர், மரியாதையான பிள்ளை. டேப், உருளை உருளையாகப் பொலித்தீன், கைக்கு உறை, மூக்குக்கு உறை என்று எல்லாம் கொழும்பிலிருந்து எடுப்பித்து வைத்திருந்தார். படியேறி வந்து என் தலைக்கு மேலே நின்று, "தரை கவனம் ஐயா. போன மாசம்தான் பொலிஷ் போட்டது. ஒரு புள்ளி விழப்படா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இதே அறை, இதே பலகை, சொல்கூட இதேதான். போனில் கூப்பிட்டபோது எந்த வீடென்று எனக்குப் பிடிபடவில்லை. படலையில் இறங்கி அந்த வெளிப்படியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அது மிஸி வீடு.

மிஸி என்றால் தவமணி மிஸி. ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்தில் நேர்ஸ் எல்லோரும் மிஸிதான், தலை நரைத்தாலும் மிஸிதான். ஊரில் பாதிப் பேருக்கு ஊசி குத்திய கை என்பதால் அவரை எதிர்த்துப் பேச ஒருவருக்கும் வாய் வராது. அவருடைய புருஷன் மரம் ஏற்றுகிற லொறி ஓட்டியவர். ஊரெல்லாம் சிவப்புச் சீமெந்துத் தரையை மினுக்கிக்கொண்டிருக்க, இந்த மனிதனுக்கு மட்டும் பலகைத் தரையில் ஆசை. எங்கே ஏற்றப் போனாலும் முதிரைப் பலகை இரண்டு மூன்றை விலைக்கு வாங்கிக்கொண்டு வருவார். பழைய வீட்டின் மேல் ஒரு மாடி எடுத்து, அந்தப் பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துத் தரையாக அடித்தார். ஒரே மகள் வதனிக்காக. எங்கள் பக்கத்தில் வீடு மகளோடு போகும். கலியாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பொம்பிளை வீட்டுக்குப் போவார். நானும் அப்படிப் போனவன்தான், இன்னும் திரும்பி வரவில்லை. கீழ்வீடு மிஸிக்கு, மேல்வீடு வதனிக்கு என்பது ஏற்பாடு. கடைசிப் பலகையை அடித்த வருஷமே மனிதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். தரை பொலிஷ் காணாமல் அப்படியே கிடந்தது.

வதனிக்குக் கலியாணம் பொருந்தியதும் மிஸி அந்தத் தரையைக் கையிலெடுத்தார். எடுத்த இடத்தில் ஒழுங்கு தலைகீழாகிவிட்டது. முறைப்படி சுவர், ஸ்கேட்டிங், கடைசியில்தான் தரைக்குப் பொலிஷ். ஆனால் அது சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த காலம். பாதை எப்போது திறக்கும், எப்போது பூட்டும் என்று யாருக்கும் தெரியாது. பொலிஷ் போடுகிற பாஸ் தெற்கிலிருந்து வரவேண்டும். பாதை திறந்த கிழமை அவர் வந்துவிட்டார். வந்த ஆளைத் திருப்பி அனுப்பினால் பிறகு எப்போதோ. அவர் போட்டுவிட்டுப் போனார். தரை தண்ணீர் ஊற்றி வைத்த மாதிரிக் கிடந்தது. அதற்குப் பிறகு ஸ்கேட்டிங்குக்கு வெள்ளை அடிக்க எங்கள் இருவரையும் கூப்பிட்டார் மிஸி.

இருவர் என்றால் நானும் அஸ்வரும். அஸ்வர் காத்தான்குடிக்காரன், நான் பக்கத்து ஊர். ஒரு சைக்கிளில் ஒருவன் மிதிக்க மற்றவன் பெயின்ட் வாளியோடு பின்னால் குந்தி, மட்டக்களப்பு முழுக்கத் திரிந்திருக்கிறோம். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பகை மூண்டு காலம் கெட்டுக் கிடந்த நாட்களில் அவனுடைய ஊருக்குள் நான் போகமுடியாது, என்னுடைய ஊருக்குள் அவன் வரமுடியாது. அப்போதெல்லாம் வேலை செய்கிற வீடுதான் நாங்கள் சந்திக்கிற இடம். இன்றைக்கும் இனாமல் மணம் மூக்கில் ஏறினால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பெயின்ட் அல்ல. அவனுடைய உம்மா கட்டிக் கொடுத்துவிடுகிற இறைச்சிச் சோறுதான். மண்ணெண்ணெய் மணக்கிற கையோடு தின்போம். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தாலும் மிஸி ஊசி போட்டிருப்பார்.

முதல் நாளே மிஸி எங்களைப் படியில் நிறுத்தினார். கால் கழுவி, துடைத்து, அவருடைய புருஷனின் பழைய காலுறைகளைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே வரலாம்.

"மனே, மாப்பிள்ளை கால் வைக்கிற அண்டைக்கு இந்தத் தரையில ஒரு புள்ளி இருக்கப்படா. அந்த மனிசன் இதைப் பாக்காமலே போயிட்டுது. ஒரு சொட்டு விழுந்திச்செண்டா ரெண்டு பேரையும் அதுக்கு மேலேயே படுக்க வச்சு ஊசி போடுவன்."

"ஊசிக்கு நான் பயமில்ல மிஸி. புள்ளிக்குத்தான் பயம்" என்றான் அஸ்வர்.

மிஸி சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கியது, இந்தத் தரையைக் கறையில்லாமல் மகளிடம் ஒப்படைப்பதுதான் புருஷனுக்கு அவர் செய்ய மிச்சமிருக்கும் ஒரே காரியம் என்று.

அந்தக் காலத்தில் டேப்பாவது பொலித்தீனாவது. பழைய பேப்பர்தான் எங்களுக்கு எல்லாம். சுவரோரமாகப் பேப்பரை விரித்து, பறக்காமல் மூலைகளில் கல் வைத்து, ஒரு பக்கச் சுவரை முடித்தோம். வாவிக் காற்றில் எப்போதும் ஒரு ஈரம் இருக்கும். பொலிஷும் முழுதாகக் காயவில்லை போலும். அடுத்த நாள் பேப்பரைத் தூக்கிப் பார்த்தால் ஜன்னலுக்குக் கீழே தரையில் ஒரு மனிதரின் முகம். கண்ணாடி, மீசை, பொட்டு எல்லாம் சரியாக இருக்கிறது. சுற்றிவரக் கறுப்புக் கட்டம், எழுத்தெல்லாம் இடம் வலமாக. எங்களுடைய பேப்பர்களில் மரண அறிவித்தல் எத்தனை பக்கம் வரும் என்று உங்களுக்குத் தெரியும். போயும் போயும் அந்தப் பக்கத்தை நாங்கள் கவிழ்த்துப் போட்டிருக்கிறோம்.

நாங்கள் மறைப்பதற்குள் மிஸி படியேறி வந்துவிட்டார். கலியாண வீட்டுத் தரையில் செத்த வீட்டு நோட்டீஸ். ஊசி இல்லாத குறையாக எங்களைப் பார்த்தார்.

"இவர் ஆரு?" என்றார் மெதுவாக.

"தெரியா மிஸி. பேர் இடம்வலமாக் கிடக்கு" என்றேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

தின்னர் போட்டால் பொலிஷும் சேர்ந்து போகும். தேங்காயெண்ணெயைப் பஞ்சில் தொட்டு, குழந்தையின் தலைக்கு வைக்கிற மாதிரி மெல்ல மெல்லத் தேய்த்து அந்த மனிதரை அனுப்பிவைத்தோம். முதலில் மீசை போனது. கண்ணாடிதான் போகமாட்டேன் என்று கிடந்தது. பின்னால் படியில் வதனி உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் உள்ளே வரத் தடை. "என்ட வீட்டுக்குள்ள போக நான் இவங்களிட்டக் கேக்கணுமா அம்மா?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பாள்.

அன்றோடு எழுத்துள்ள கடதாசி எதுவும் மாடிக்கு ஏறக்கூடாது என்று சட்டம் வந்தது. மிஸியின் உறவுக்காரர் ஒருவர் வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வேலை செய்தவர். அவர் வீட்டிலிருந்து மண்ணிறக் கடதாசி ஒரு பெரிய சுருளாக வந்து இறங்கியது. ஒரு எழுத்து இல்லை, ஒரு முகம் இல்லை. வைக்கோலில் செய்த கடதாசி என்றார்கள். காற்றில் ஈரம் ஏறினால் அறுவடை முடிந்த வயல்வட்டையின் மணம் அந்த அறையில் வரும். கண்ணை மூடினால் மாடியில் இருக்கிறோமா, வயலில் நெல்லுச் சூடடிக்கிற களத்தில் இருக்கிறோமா என்று தெரியாது. அந்த மணத்துக்காகவே அஸ்வர் சில நேரம் வேலையை விட்டுவிட்டுக் கடதாசியின்மேல் குப்புறப் படுத்துக்கிடப்பான்.

கடதாசி தரையைக் காத்தது. ஆனால் ஸ்கேட்டிங் பலகையும் தரையும் சேருகிற விளிம்பை எது காப்பது? அங்கேதான் பிரஷ் நாக்கை நீட்டும். அதற்கும் மிஸியே வழி சொன்னார். ஆஸ்பத்திரியில் கழித்துவிட்ட எக்ஸ்ரே படங்கள் சில அவரிடம் இருந்தன. ஒன்றை எடுத்து அந்த விளிம்புக்குள் செருகி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் அடித்தால் ஒரு துளி தரைக்குப் போகாது. அருமையான யோசனை. ஆனால் அஸ்வர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "செத்த ஆள்ற முகம் ஆகா, விலா எலும்பு மட்டும் ஆகுமா மிஸி?" என்று கேட்டான்.

"அந்த மனிசன் சுகமாகி வீட்ட போயிட்டார். உயிரோட இருக்கிற ஆள்ற எலும்பு நல்லது. நீங்க வேலையப் பாருங்க மனே" என்றார் மிஸி.

அப்படி யாரோ ஒரு சுகமான மனிதரின் விலா எலும்பைச் சாண் சாணாக நகர்த்திக்கொண்டே நாங்கள் அந்த அறையைச் சுற்றி வந்தோம். முதுகு விட்டுப்போயிற்று. என்னுடைய முழங்கால் வருத்தம் எங்கே தொடங்கியது என்று வைத்தியர் கேட்டபோது, மிஸி வீட்டின் கிழக்கு மூலையில் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். வேலை முடிந்த அன்று கடதாசியைச் சுருட்டி எடுத்தோம். மிஸி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, தவழ்ந்து தவழ்ந்து மூலை மூலையாகப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை. எழும்பும்போது எங்களுடைய தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினார். எங்களுக்கு அது போதும்.

வீடு குடிபூரலுக்கு, அதாவது பால் பொங்கிப் புதுவீடு புகுகிற சடங்குக்கு, எங்களுக்கும் அழைப்பு. விருந்துக்கு மட்டுமல்ல, காவலுக்கும். மேல்வீடுதான் வதனியின் வீடு என்பதால் பால் அங்கேதான் பொங்கவேண்டும், கீழே பொங்கினால் அது மிஸியின் வீட்டுப் பால் ஆகிவிடும் என்று பெரிய பொம்பிளைகள் தீர்த்துவிட்டார்கள். மிஸியால் மறுக்க முடியவில்லை. அறை நடுவே மிச்சக் கடதாசியை மடித்துப் போட்டு, அதன்மேல் தகரம், அதன்மேல் மணல், அதன்மேல் மூன்று கல். நனைத்த சாக்கோடு அஸ்வர் ஒரு பக்கம், நான் மறுபக்கம், தீயணைக்க வந்தவர்கள் மாதிரி. இருவர் காலிலும் அந்தக் காலுறை.

தரைக்குச் சூடு ஏறக்கூடாது என்று மிஸி சின்ன நெருப்புத்தான் வைத்தார். பானை பெரிது. வாவியிலிருந்து காற்று ஜன்னல் வழியாக நேரே அடுப்பில் வந்து விழுகிறது. பால் ஆடை கட்டுகிறது, அசைகிறது, மறுபடி அடங்குகிறது. பொங்குவதாக இல்லை. குரவையிட வந்த பொம்பிளைகள் வாயைக் குவித்துக் குவித்துக் களைத்துப்போனார்கள். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மிஸியின் மச்சாள் ஒருத்தி, "நேரம் போகுது கா. பால் பொங்காத வீட்டுக்குள்ள என்னெண்டு பிள்ளைய விடுற?" என்று சொல்லிவிட்டாள். வதனியின் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது.

மிஸி தரையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே குந்தி, காய்ந்த தேங்காய்ச் சிரட்டைகளைக் கை நிறைய அள்ளி அடுப்புக்குள் திணித்தார். நெருப்பு பானையின் கழுத்துவரை ஏறியது. அடுப்பு கொள்ளாமல் எரிந்துகொண்டிருந்த சிரட்டை ஒன்று சறுக்கி, மணலில் உருண்டு, தகரத்தையும் தாண்டி, வாய் கவிழ்ந்து வெறும் பலகையில் விழுந்தது.

அஸ்வர் சாக்கைத் தூக்கிவிட்டான்.

"தண்ணி போடாத மனே!" மிஸியின் குரல் அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. "பால் பொங்க முந்தி இந்த வீட்டு நெருப்ப அணைக்கப்படா!"

நாங்கள் நின்றோம். பால் மெல்ல மெல்ல ஏறுகிறது. சிரட்டை கனன்று கனன்று பலகைக்குள் இறங்குகிறது. பொலிஷ் கருகுகிற மணம் மூக்கில் ஏறுகிறது. அத்தனை நாள் விலா எலும்பைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்ததெல்லாம் கண்முன்னே புகைகிறது. மிஸி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பால் நுரைத்துக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. குரவை எழும்பியது. அந்தச் சத்தத்துக்குள்தான் அஸ்வர் சாக்கைச் சிரட்டையின்மேல் போட்டு அமுக்கினான்.

சனம் சாப்பிடக் கீழே இறங்கிய பிறகு சாக்கை எடுத்துப் பார்த்தோம். கறுப்பாக ஒரு வட்டம், சிரட்டையின் வாய் அளவு, பேனாவால் கீறியது போல. விரல் வைத்தால் பள்ளம் தெரிந்தது. நான் பஞ்சும் தேங்காயெண்ணெயுமாகக் குந்திவிட்டேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"விடு மனே. அது கிடக்கட்டும். அந்த மனிசன்ட மகள்ற பால் பொங்கிட்டு" என்றார் மிஸி.

பிறகு, ஒருவரையும் உட்கார விடாத அந்தத் தரையில், வட்டத்துக்குப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து காலை நீட்டினார். "காலெல்லாம் உளையுது" என்று சொல்லி அழத் தொடங்கினார். அஸ்வர் தன் காலிலிருந்து காலுறையைக் கழற்றி, மடித்து, அவர் பக்கத்தில் வைத்தான். எங்களுக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போகும் போதெல்லாம் மிஸியின் முதல் வார்த்தை, "வட்டத்தில கை வைக்கப்படா" என்பதுதான். அதை மறைத்து ஒரு பாய்கூடப் போட விடமாட்டார். வதனியின் மகன் அந்தப் பள்ளத்துக்குள் கண்ணாடிப் போளை உருட்டி விளையாடினான். பிறகு அவர்கள் கனடாவுக்குப் போனார்கள். மிஸி சிலகாலம் தனியே இருந்தார். பிறகு அவரும் பேப்பரில் கறுப்புக் கட்டத்துக்குள் வந்தார். அஸ்வர் கட்டாருக்குப் போய்ப் பெயின்ட் அடித்து, முதுகு வளைந்து திரும்பி வந்து, இப்போது மருமகனின் புடவைக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருக்கிறான்.

போன கிழமை மேனேஜர் தரை கவனம் என்று சொன்னபோது என் கண் நடு ஜன்னலுக்கு நேரே இருந்த தரைக்குப் போனது. மேனேஜர் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

"அந்த இடத்தில எரிஞ்ச வட்டம் ஒண்டு கிடந்தது ஐயா, வீட்ட வாங்கக்குள்ள. அசிங்கமா இருந்திச்சு. ரெண்டு மூண்டு தரம் மெஷின் போட்டு உரஞ்சித்தான் போனது. இப்ப பாருங்க, ஒரு புள்ளி இல்ல."

நல்லாயிருக்கு என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல, அவருக்கு எப்படித் தெரியும். அவர் கீழே இறங்கியதும் அஸ்வருக்குப் போன் எடுத்தேன்.

"மச்சான், வட்டம் இல்லடா."

எந்த வட்டம் என்று அவன் கேட்கவில்லை. "நல்லாப் பாத்தியா? நடு ஜன்னலுக்கு நேரே."

"பாத்தன்."

"கண்ண நம்பாத. உனக்குத்தான் கண் தெரியாதே. கையால தடவிப் பாரு, பள்ளம் இரிக்கும்."

தலையணையை நகர்த்தி நகர்த்தி அந்த இடத்துக்குப் போய், உள்ளங்கையால் தடவினேன். பலகை வழுவழுவென்று கிடந்தது.

"இல்லடா" என்றேன்.

"சரி" என்றான். "பொலித்தீன ஒழுங்கா விரி. தரை கவனம்."

எழும்ப முடியவில்லை. காலெல்லாம் உளைந்தது. அங்கேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன். வெயில் விழுந்து தரை மினுங்கியது. மிஸி அன்றைக்குக் கேட்டது இந்தத் தரையைத்தான். மூலையிலிருந்து மூலைவரை ஒரு புள்ளி இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தவழ்ந்து பார்க்கத்தான் ஆளில்லை.